அண்ணன் வைத்துவிட்டுப் போன லினக்ஸ்

எங்கள் தீவில் நான்காவது ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த கையோடு அண்ணன் பிரிஸ்பேனுக்குப் பறந்துவிட்டான். போகிறவர்கள் நாயையும் பழைய கம்ப்யூட்டரையும் இருக்கிறவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு இரண்டும் கிடைத்தன. நாய் நல்ல நாய்.

கம்ப்யூட்டரை லவுத்தோக்கா பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடையில் வைத்தேன். அதில் அண்ணன் லினக்ஸ் போட்டிருந்தான். முதல் தீபாவளிக்கு வந்தவன் கடையில் உட்கார்ந்து எதையோ தட்டினான். மாலையில் லோவு கிராமத்தில் எங்கள் வீட்டில், நங்கோனா வேர்ச்சாறு குடித்துக்கொண்டிருந்த மாமன்மார் நடுவில் அளந்தான். "இனிமே அப்டேட் எல்லாம் பிரிஸ்பேன்ல என் சர்வர்லேருந்தே வரும். நான் அங்கேருந்தே பாத்துக்குவேன்." மாமன்மாருக்கு ஒரு எழவும் புரியவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்கள்.

அம்மாவை அழைத்துக்கொள்ள விண்ணப்பம் போட்டாயிற்று என்றும் அதே வாயால் சொன்னான். மறுநாளே அம்மா சூட்கேஸ் கட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அதைப் பிரிக்கவேயில்லை. தேவையான புடவையை மட்டும் உருவி எடுத்து, துவைத்து, திரும்ப அதிலேயே வைப்பாள்.

விண்ணப்பம் என்ன ஆச்சு என்று கேட்டால், "ஆன்லைன்ல பாரு" என்பான். குடியேற்ற அலுவலகத்தின் இணையப் பக்கம் என் கம்ப்யூட்டரில் திறக்காது. "அரே, உன் டப்பா பழசு. மொதல்ல அப்டேட் பண்ணு" என்பான், பெரிய துரை மாதிரி. அப்டேட் கொடுத்தால் தொடங்கியதுமே பிழை காட்டி நின்றுவிடும். வேறு கடையில் போய்ப் பார்க்க அம்மா விடமாட்டாள். விசா கைக்கு வரும்வரை யாருக்கும் தெரியக்கூடாது, கண் பட்டுவிடும். எங்கள் ஜனங்கள் எல்லோரும் அப்படித்தான், காதும் காதும் வைத்தாற்போல் கிளம்புவார்கள்.

ஒயரை மாற்றினேன், மோடத்தை மாற்றினேன், மழையைத் திட்டினேன். கடைசியில் ஆளில்லாத ஒரு மதியம் பிழைச் செய்தியை வரிவரியாகப் படித்தேன். அப்டேட் எங்கிருந்து வரவேண்டும் என்று எழுதியிருக்கும் கோப்பைத் திறந்தால், எல்லா வரியிலும் அண்ணனின் சர்வர்தான். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று கம்ப்யூட்டர் அத்தனை நாளும் கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

போன் போட்டேன். "அதுவா? வீடு மாறினப்பவே எடுத்துட்டேனே" என்றான் சாவகாசமாக.

என்ன ஜென்மமோ! அவன் வரிகளை ஒன்று விடாமல் அழித்தேன். பொதுச் சர்வரின் முகவரியைப் போட்டேன். எப்போதோ பாதியில் தொங்கிய ஒரு மென்பொருள் பேக்கேஜைப் பிடுங்கி மறுபடி நிறுவியதும் மற்றதெல்லாம் மளமளவென்று இறங்கியது. அவன் இல்லாமல்தான் அது வேலை செய்தது.

மறுநாள் அம்மா பாஸ்போர்ட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு லோவுவிலிருந்து பஸ்ஸில் வந்தாள். பக்கம் திறந்தது. பாஸ்போர்ட் எண்ணையும் பிறந்த தேதியையும் அடித்தேன். இந்த விவரங்களில் விண்ணப்பம் எதுவும் இல்லை என்று வந்தது.

"என்னா சொல்லுது பேட்டி?" மகளை இந்தியில் அப்படித்தான் கூப்பிடுவாள் அம்மா.

"அவன் போடவே இல்லம்மா."

அம்மா திரையைப் பார்க்கவில்லை. பாஸ்போர்ட்டைத் திரும்ப முந்தானையில் சுற்றினாள்.

"டப்பா பழசுன்னு அவன் அப்பவே சொன்னான்ல. இன்னொரு வாட்டி பாரு."

அண்ணன்மேல் இருந்த வெறுப்பெல்லாம் அந்த நொடி அம்மா பக்கம் திரும்பியது. அதே எண்ணை மறுபடி அடித்தேன்.