யார் உதவியுமின்றி

நான் பொய் எழுதினேன். 'பார்வையற்ற பயனர் ஒருவர் யார் உதவியுமின்றி முன்பதிவை முடித்தார்' என்று அறிக்கையில் எழுதியவள் நான். அந்தப் பார்வையற்ற பயனரும் நான்தான். ஆனால், முடித்தவள் நானில்லை.

பிறவியிலேயே எனக்குப் பார்வை கிடையாது. தூத்துக்குடியில் ஒரு சிறிய கணினி நிறுவனத்தில் வேலை. இணையதளங்களை என்னைப் போன்றவர்களும் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துச் சொல்ல வேண்டும். திரையில் உள்ளதைக் கணினி என் காதில் வாசிக்கும். விசைகளைத் தட்டி ஒவ்வொரு படியாகக் கடப்பேன்.

சென்ற ஆண்டு ஒரு தனியார் மருத்துவமனையின் தளம் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதிகள் புதுப்பிக்கப்பட்டதால் மறுபடியும் சோதித்துச் சான்று தரச் சொல்லியிருந்தார்கள். மருத்துவரைப் பார்க்க இனி அந்தத் தளத்தில்தான் டோக்கன். பெயர், வயது, நாள், நேரம்... எல்லாம் தடங்கலின்றி வந்தன. கடைசிப் படியில் ஒரு படத்துண்டை இழுத்துக் காலியிடத்தில் பொருத்தச் சொன்னது. எந்தத் துண்டு? எங்கே காலியிடம்? என் காதில் 'படம்' என்ற ஒரு சொல்தான் விழுந்தது.

இழுக்காமலே முடிக்க மாற்றுவழி ஒன்று இருந்தாக வேண்டும் என்கிறது புதிய விதி. அங்கே இல்லை. தளம் தேறவில்லை என்று எழுதியிருக்கலாம். ஏன் எழுதவில்லை?

பயம்... அதற்கு முந்தைய வாரம்தான் பிழைகளைத் தானாகவே கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒன்றை வாங்கியிருந்தார்கள். முதலாளி அண்ணாச்சி அடுத்த அறையில் யாரிடமோ பேசியது கேட்டது. "மிஷினே எல்லாத்தையும் சொல்லிருது. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு முடியலன்னா, அது சைட்டு தப்பா, பிள்ளைக்குத் தெரியலையான்னு நாம எப்படிக் கண்டோம்?"

கெட்ட எண்ணத்தில் சொன்னவர் அல்லர். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குள் இறங்கிவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லையோ? அன்று காலை முழுதும் முயன்றேன். கடைசியில் பக்கத்து இருக்கை ஜெனிட்டாவை மெல்லக் கூப்பிட்டேன்.

"ஏளா, இத மட்டும் கொஞ்சம் இழுத்து விடேன்."

மவுஸ் ஒருமுறை சொடுக்கியது. "முடிஞ்சிட்டுக்கா" என்றாள்.

நான் எழுதிய அந்த வரியை மருத்துவமனை தன் தளத்திலேயே போட்டது, எங்கள் அலுவலக எண்ணுடன்.

மூன்று வாரம் கழித்து ஒருவர் அழைத்தார். பெயர் மிக்கேல். கடலில் சங்கு குளித்தவர், சர்க்கரை நோயில் பார்வை போய்விட்டது. காலில் புண். மகள் சென்னையில் இருக்கிறாள். வீட்டில் அவர் மட்டும்.

"யம்மா, கண்ணு தெரியாம அந்த டோக்கன் போட்ட பிள்ள நீங்கதானா? நீங்க தனியாவே போட்டிருக்கிய. எனக்குத்தான் கை வரமாட்டேங்கு. எப்படின்னு சொல்லித் தாங்கம்மா."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாமா? சொன்னது என்ன தெரியுமா?

"மெதுவா செஞ்சு பாருங்கய்யா. பழகப் பழக வந்துரும்."

அவர் நன்றி சொன்னார்! என் பொய்யை நம்பி, குறையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, எனக்கு நன்றி சொன்னார்.

அடுத்த வாரமும் அழைத்தார். "இன்னும் வரலம்மா. நான் ஒரு மக்கு." நானே ஜெனிட்டாவை வைத்து அவருக்கு ஒரு டோக்கன் போட்டுத் தந்திருக்கலாம். அது தோன்றாமலில்லை. போட்டுத் தந்தால், ஏன் என்று கேட்பாரே... அதனால் போட்டுத் தரவில்லை.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து அழைப்பில்லை. அலுவலகத் தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் ஜெனிட்டாவை எடுக்கச் சொல்வேன். அவராக இருந்தால் என்ன சொல்வது? அவராக இல்லையென்றால், அவருக்கு என்ன ஆயிற்று?

ஒரு மாதம் அப்படிக் கழிந்த பிறகு உண்மையான அறிக்கையை எழுதி அண்ணாச்சியிடம் கொடுத்தேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவர், "இத அப்பவே சொல்லிருக்கலாமேம்மா" என்றார். அவ்வளவுதான். மருத்துவமனைக்காரர்கள் நான்கு நாளில் அந்தப் படத்தை எடுத்துவிட்டார்கள். நான்கே நாள்...

அன்று மாலை மிக்கேலின் எண்ணை அழைத்தேன். சென்னையிலிருந்து வந்திருந்த மகள் எடுத்தாள்.

"அப்பாக்கு ரெண்டு கால்விரல எடுத்துட்டாவ. ஏன் இவ்வளவு லேட்டா வந்தியன்னு டாக்டர் சத்தம் போட்டாவ. இப்ப போனத் தொடவே மாட்டேங்காவ. கண்ணு தெரியாத பொம்பளப்பிள்ளைக்கு முடியுது, எனக்கு மூள செத்துப்போச்சுன்னு ஒரே புலம்பல். ஆமா, நீங்க யாரு பேசுதிய?"

அந்தத் தாமதம்தான் விரல்களைத் தின்றதா? எனக்குத் தெரியாது. எந்த மருத்துவரிடமும் கேட்கத் துணிவில்லை. இன்னொரு பொய் வந்தது.

"ஆஸ்பத்திரியிலருந்து. சைட்ட மாத்தியாச்சு, இப்ப ஈசியா டோக்கன் போடலாம்னு அப்பாட்ட சொல்லுங்க."

"அப்படியா? இருங்க, நீங்களே சொல்லுங்க. அப்பா, இங்கன வாங்க, ஆஸ்பத்திரியிலருந்து பேசுதாவ."

கம்பு தரையில் தட்டும் ஓசை கேட்டது. ஒரு காலை ஊன்றி, மறுகாலை இழுத்து இழுத்து அவர் வந்துகொண்டிருந்தார். ஒலிகளை வைத்தே தூரத்தை அளந்து பழகியவள் நான். இன்னும் நான்கு எட்டு... மூன்று...

அழைப்பைத் துண்டித்தேன்.

உடனே அதே எண்ணிலிருந்து திரும்ப அழைப்பு வந்தது. ஒலித்து ஓயும்வரை எடுக்கவில்லை. உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.