யார் சாவி, எதுக்கு?

எங்கள் தெருவில் சாவிக்காரரை மிஞ்சிய சந்தேகப் பிராணி கிடையாது. பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் போடும் நான், யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் நகல் எடுத்துக் கொடுத்துவிடுவேன். அவர் அப்படியில்லை. "யார் சாவி? எதுக்கு இன்னொண்ணு? வீட்டுல தெரியுமா?" இந்த மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் அரத்தையே தொடுவார். சொந்த மைத்துனரைக்கூட, "உன் பொண்டாட்டிக்கு போனைப் போடு" என்று நிறுத்தி வைத்த மனிதர்.

மூன்று வருஷத்துக்கு முன் அவருடைய தம்பி தற்கொலை செய்துகொண்டான். அந்தப் பேச்சை எடுத்தால் பதில் வராது, அரத்தின் சத்தம்தான் கூடும். நாங்களும் எடுப்பதை விட்டுவிட்டோம்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஆவணப்படம் எடுக்கும் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். தற்கொலையில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்களைப் பற்றிய படமாம்.

"அண்ணா, ஒரு அரை மணி நேரம் பேசினா போதும்."

"அண்ணான்னு கூப்பிட ஒருத்தன் இருந்தான். நீ சார்னே சொல்லு. எதுக்கு இந்தப் படம்?"

"பாக்கிறவங்க அவங்கவங்க வீட்டு ஆளைக் கவனிப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை, சார்."

"செத்தவன் சம்மதம் குடுத்தானா?"

அவள் சட்டென்று ஒரு பதிலைப் புளுகாமல் நின்றது எனக்குப் பிடித்திருந்தது. அவருக்கும் பிடித்திருக்க வேண்டும். ஆனாலும் சம்மதப் படிவத்தை என்னிடம் தந்து வரி வரியாக வாசிக்கச் சொன்னார். எப்படிச் செத்தான் என்று கேட்கக் கூடாது, அவன் அறையைக் காட்டக் கூடாது, வெளியிடும் முன் தனக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று கையால் எழுதிச் சேர்த்த பிறகே கையெழுத்துப் போட்டார்.

பேட்டி சுமார்தான். தம்பி நன்றாகச் சீட்டியடிப்பான், கணக்கில் புலி. அதற்குமேல் ஒன்றும் பெயரவில்லை. முடிந்ததும் கூட வந்த ஒலிப்பதிவுக்காரர், "ஒரு நிமிஷம் யாரும் பேசாம, அசையாம இருங்க" என்றார். மின்விசிறி, தெரு இரைச்சல் என்று கடையின் வெறும் சத்தத்தைத் தனியாகப் பிடித்து வைத்துக்கொள்வார்களாம், பேச்சை வெட்டி ஒட்டும் இடத்தில் நிரப்புவதற்கு; எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது. ஒலிப்பதிவுக்காரருக்கு அது தினம் செய்கிற வேலை, விளக்கம் சொல்லத் தோன்றவில்லை. சாவிக்காரரோ அதைத் தம்பிக்கு மௌன அஞ்சலி என்று எடுத்துக்கொண்டார். எழுந்து நின்று கண்ணை மூடினார். உதடு அசைந்தது. சட்டையில் மைக் இருந்தது, காமிராவையும் யாரும் நிறுத்தவில்லை.

பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். "மூணு வருஷத்துல அவனுக்காக ஒருத்தரும் இப்படி நின்னதில்லம்மா." அவள் முகம் வெளுத்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அப்போதே மனசில் ஏதோ உறுத்தியது. சந்தேகமும் ஒட்டுவாரொட்டி போலிருக்கிறது.

பத்து நாள் கழித்து மடிக்கணினியோடு தனியாக வந்தாள். திரையில் அவர் கண்மூடி நின்றார். ஒலியைக் கூட்டினாள். "சாவியைக் குடுத்தப்பவே கேட்டிருக்கணும்டா."

சாவிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"அது அஞ்சலி இல்ல சார், கடைச் சத்தம் எடுத்தோம். நீங்க தப்பா நினைச்சுட்டீங்கன்னு அப்பவே தெரியும். இந்த இடம் படத்துக்கு வேணும்னு ஆசை, அதான் சொல்லல."

"பூட்டை உடைச்சு உள்ள வந்திருக்க."

"உங்க கண் முன்னாடியே அழிச்சிடறேன்."

"சாவிக்கு நகல் போடுறவன்கிட்டயே கதை விடாத. இன்னொண்ணு எங்க?"

பையிலிருந்து சின்ன டிஸ்க் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இது ஒண்ணுதான்."

அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். நம்பினாரா, எனக்குத் தெரியாது. "சொல்லாமலே போட்டுக் காட்டியிருக்கலாமே? அஞ்சலின்னு நினைச்சு நானும் சரின்னு சொல்லியிருப்பேன். ஏன் சொன்ன?"

"நீங்க என் கையைப் பிடிச்சீங்க, சார்."

சாவிக்காரர் டிஸ்க்கைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "காமிரா கொண்டாந்திருக்கியா? இப்ப ஓடலையே?"

பையைத் திறந்து காட்டினாள். அணைந்துதான் கிடந்தது.

"எடு. ஒளிச்சு எடுக்காத. நேரா கேளு."

அவள் காமிராவை மேஜைமேல் வைத்து ஓடவிட்டு, சிவப்பு விளக்கு எரிவதை அவருக்குக் காட்டிவிட்டுக் கேட்டாள்.

"தம்பி கடைசியா கடைக்கு வந்தப்ப என்ன சொன்னார்?"

"அவன் ரூம் சாவியை நீட்டி, நீயே வச்சுக்கண்ணான்னான். வாங்கி அந்த ஆணில மாட்டினேன்."

"நீங்க என்ன கேட்டீங்க?"

சாவி இன்னும் அந்த ஆணியில்தான் தொங்கியது. அவர் அதைப் பார்க்கவில்லை, காமிராவைத்தான் பார்த்தார்.

"போறவன் வர்றவன் அத்தனை பேரையும் கேப்பேன். அவனை ஒண்ணும் கேக்கலம்மா."