மண்டபத்துப் படமும் என் தங்கையும்

பாப்பு, நீ போய்விட்டாய் என்று உன் மகள் போன் செய்தபோது நான் பெர்மாஸ் ஜெயாவில் தையல் கடையில் பள்ளிச் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். "பெரியம்மா, அம்மாவை எழுப்பறேன், எழுந்திருக்கலை" என்றாள். உன் ஊர் கோத்தா திங்கிக்கு வந்து இறங்கும்போதுதான் பார்த்தேன், அந்தச் சட்டை என் மடியிலேயே இருந்தது.

உன் முப்பதாம் நாளுக்குக் கோயில் கமிட்டி சிறு புத்தகம் போடுகிறது. என்னையும் ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். தெரிந்ததை எழுதுகிறேன்.

பெயர்ப்பலகையும் சாமி படமும் வரையும் மாஸ்டரின் போர்டு கடையில் நீ இருபது வருஷம் பெயிண்ட் அடித்தாய். சாமி படத்தில் கண்ணை மட்டும் மாஸ்டர் வரைவார், மற்றதெல்லாம் நீ. மூலையில் அவர் பெயர்தான் இருக்கும். "அது கடைப் பேரு, அக்கா. அதுக்கெல்லாம் கோவிச்சுக்க முடியுமா?" என்பாய்.

காலமான மாஸ்டர் தன்னைத் தானே வரைந்தது என்று கோயில் மண்டபத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. போன வருஷம் அதைப் பழுது பார்க்க வந்தவர், இது மாஸ்டர் கை இல்லை என்றார். கமிட்டியில் ஒரே சண்டை. நான் படத்தில் அவர் போட்டிருந்த சட்டையைப் பார்த்தேன். பை இடது மார்பில், சரியான பக்கத்தில் இருந்தது.

"கண்ணாடியில பாத்து வரைஞ்சிருந்தா பை மாறியில்ல வந்திருக்கும்? இது எதிர்ல உக்காந்து யாரோ வரைஞ்சது" என்றேன்.

"நீங்க டைலரா, சிஐடியா அக்கா? போட்டோ பாத்தும் வரையலாம்லா" என்று தலைவர் சிரித்தார். பிறகு உன்னிடமே கேட்டார். மாஸ்டரின் மனைவி, மாஸ்டரம்மா, முன்வரிசையில் இருந்தார். நீ, "அவர் வரைஞ்சதுதான்" என்றாய்.

வரும் வழியில் காரில் உன்னைத் திட்டினேன். அப்போதுதான் சொன்னாய். மாஸ்டருக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்ததாம். மாஸ்டரம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று உன்னை வரையச் சொல்லி, தான் வரைந்ததாக வீட்டில் சொன்னாராம்.

"அந்தம்மா வெள்ளிக்கிழமை தவறாம வந்து அதுக்குப் பூ வைக்கிறாங்க. அவர் கை பட்டதுன்னு தொட்டுப் பாக்குறாங்க. நான் போய், அது என் கைன்னு சொல்லவா? அவங்க காலத்துக்கு அப்புறம் நானே சொல்லிக்கிறேன். நீ வாயை மூடிக்கிட்டு இரு, அக்கா."

நீ முந்திக்கொண்டாய். மாஸ்டரம்மா உன் சாவுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

உன் நகை, புடவை எல்லாம் உன் மகளுக்கு. நீ காரில் சொன்னது மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. அந்தப் படத்தின் கீழே உன் பெயர் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. நீ சொன்னதை இதில் எழுதியும் விட்டேன். இந்தக் காகிதத்தைக் கமிட்டியில் கொடுக்கட்டுமா, வேண்டாமா?