அவர் மெதுவாகப் பேசினால்

எங்க வீட்டுக்காரர் வாயைத் திறந்தா தெருக்கோடி வரைக்கும் கேக்கும். சாப்பாட்டுல உப்புக் குறைஞ்சா ஒரு சத்தம், செருப்பு இடம் மாறினா ஒரு சத்தம். நான் மட்டும் சும்மா இருக்கற ஆளா? ஒண்ணுக்கு ரெண்டா திருப்பிக் குடுப்பேன். நாங்க சண்டை போடாத அன்னைக்குத்தான் பக்கத்து வீட்டுல எட்டிப் பார்த்து, யாருக்காவது உடம்பு சரியில்லையான்னு கேப்பாங்க.

அப்படிப்பட்ட மனுஷன் போன வருஷத்துலேருந்து மெதுவாப் பேச ஆரம்பிச்சார். மறதி அதுக்கு முன்னாலேயே வந்தாச்சு. இப்ப என்னை ‘நீங்க, வாங்க’ங்கறார். “அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க, அவசரமில்லை”ன்னு சிரிச்ச முகமா சொல்றார். என் மகளுக்கு வாயெல்லாம் பல்லு. அப்பா இப்பத்தான் சாதுவாயிருக்கார், வியாதியிலயும் ஒரு நல்லது பாருங்கன்னு டாக்டர்கிட்டயே சொன்னா. எனக்கு மட்டும் அந்த மரியாதையைக் கேட்டாலே பயம்.

ஏன்னு சொல்றேன். அவர் துணிக்குச் சாயம் போடற ஆலையில பாய்லர் பார்த்தவர். ஆவி அழுத்தம் காட்டற முள் ஆபத்துக் கோட்டைத் தாண்டிச்சுன்னா பாய்லர் எந்த நேரமும் வெடிக்கலாம். அப்ப யாரும் கத்தக் கூடாது. கத்தினா ஜனம் அலறியடிச்சு ஓடி, இரும்புப் படியில விழுந்து மிதிபடும். அதனால பாய்லர்காரர் சிரிச்சுக்கிட்டே, மரியாதையா, ஒவ்வொருத்தரையா வெளிய அனுப்பணும். உயிர்பயம் வந்தாத்தான் இவர் வாயில மரியாதை வரும். இதை என் மகளுக்குச் சொன்னா, உனக்கு அவர் கத்தினாலும் குத்தம், கத்தாட்டியும் குத்தம்னு சிரிக்கறா.

நாப்பது வயசு தாண்டின புதுசுல, இவரோட இருந்த இன்னொரு ஆளை முதலாளி நிறுத்திட்டான். ரெண்டு பேர் வேலை ஒருத்தர் தலையில. அடுத்த ஆள் வந்து மாத்தி விடற வரைக்கும் பாய்லரை விட்டு நகரக் கூடாது. அந்த அடுத்த ஆளோ வந்தா வருவான், வராட்டி இல்லை. வருஷக்கணக்கா இதே கதை. வீட்டுக்கு வந்தாலும் கை தட்டுல, கண்ணு சுவத்துல. தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிப்பார். நடு வயசுல அத்தனை வருஷம் நெருக்கடியிலேயே இருந்ததும் இந்த மறதிக்கு ஒரு காரணமா இருக்கலாம், அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதுன்னார் டாக்டர். அந்த முதலாளியை இழுத்துட்டு வந்து எங்க வீட்டுக்காரர் எதிர்ல உக்கார வைக்கணும் போல இருந்தது எனக்கு.

இப்ப தினமும் சமையலறைச் சுவத்துல உள்ளங்கையை வைப்பார். ஜில்லுன்னு இருக்கற சுவரு, சுட்ட மாதிரி கையை இழுத்துக்குவார். அதுக்கு முதுகு காட்டாம பின்னாலயே நடந்து வருவார். ஆளில்லாத ரூம்லேருந்து யார் யாரையோ ஒவ்வொருத்தரா வழியனுப்புவார். கடைசி ஆள் மட்டும் வரவே மாட்டான். அவர் கதவைப் பிடிச்சுக்கிட்டு காத்திருப்பார். நானும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அந்த இருட்டு ரூமையே பார்த்துக்கிட்டு நிப்பேன். சத்தியமா, உள்ள யாரோ இருமற மாதிரி இருக்கும்.

ஞாபகம் திரும்பணும்னு நான் கேக்கலை. அந்தப் பயம் போகணும். ஒரு தடவையாவது அந்த மனுஷன் என்னைத் திட்டணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்.

போன வாரம் ஒரு மத்தியானம், கதவைப் பிடிச்ச கையை விடவே மாட்டேங்கறார், முகத்துல மட்டும் சிரிப்பு. எனக்குப் பொறுக்கலை. அவரோட பழைய காக்கிச் சட்டையைப் புடவை மேல மாட்டிக்கிட்டுப் போய் எதிர்ல நின்னேன்.

“முள் இறங்கிடுச்சு. நான் மாத்தி விட வந்திருக்கேன். நீங்க வீட்டுக்குப் போங்க.”

ஏற இறங்கப் பார்த்தார். தோள் ரெண்டும் மெல்லத் தளர்ந்தது. செருப்பை மாட்டிக்கிட்டு வாசல் வழியா கிளம்பிட்டார்.

நான் பண்ணின காரியம் அப்புறம்தான் உறைச்சுது. வீட்டுக்குப் போன்னு வீட்டை விட்டே அனுப்பியிருக்கேன்! கதவை இழுத்து மூடிட்டுப் பின்னாலயே ஓடினேன். தெருவை ஒரு சுத்து சுத்திட்டு, நல்லவேளை, எங்க வாசலுக்கே வந்து தட்டினார். திறக்க வேண்டியவ தெருவுல நிக்கறேன். கொல்லைப்பக்கமா ஓடி உள்ள புகுந்து, சட்டையைக் கழட்டி எறிஞ்சுட்டுக் கதவைத் திறந்தேன்.

“எவ்வளவு நேரம்டி தட்டறது? காது செவிடாயிடுச்சா?”

தெருவே திரும்பிப் பார்த்துச்சு. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்தது. உங்களுக்கு மட்டும் ரெண்டு கையில்லையான்னு பதிலுக்குக் கத்திட்டு, தட்டை வச்சேன். எத்தனையோ நாளைக்கு அப்புறம் நிம்மதியா சாப்பிட்டார்.

பாதியில கை நின்னது. சமையலறைப் பக்கம் திரும்பினார். இன்னைக்கு மாத்தி விட வந்தது யாரோ வயசான பொம்பளைன்னார். அவளைத் தனியா விட்டுட்டு வந்துட்டேனேன்னார். அவ பார்த்துக்குவா, நீங்க சாப்பிடுங்கன்னேன்.

“பாவம்டி”ன்னார். “அவளை மாத்தி விட யார் வருவா?”