இரண்டு பிள்ளைகளுக்கு ஈடாக ஒரு கை

என்னைப் பெண் கேட்டு இரண்டு தடவை ஆள் வந்திருக்கிறார்கள். முதல் தடவை கல்யாணத்துக்கு, இரண்டாவது தடவை எல்லே விளையாட்டுக்கு. இரண்டாவது தடவை வந்தபோது எனக்கு நாற்பதை நெருங்கிவிட்டது. ஆனால் அப்போதுதான் என் மதிப்பு அதிகமாக இருந்தது என்று யாரிடமும் சொல்வேன்.

இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு இரண்டு பிரிவு. நான் பிறந்தது கீழ்ப்பிரிவு, வாழ்க்கைப்பட்டது மேற்பிரிவு. சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு பிரிவுப் பெண்களும் எல்லே ஆடுவோம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு, நட்டு வைத்த கம்புகளைச் சுற்றி ஓடி வர வேண்டும். ஓடும்போது எதிர்ப்பக்கத்தார் எறியும் பந்து உடம்பில் பட்டுவிட்டால் அவுட். கிரிக்கெட்டில் பந்து போடுகிறவர் எதிரி. எல்லேயில் அப்படியில்லை, அடிக்கிறவளுக்கு அவள் பக்கத்து ஆளேதான் பந்து போட்டுக் கொடுக்க வேண்டும். அதனால் நல்ல கை ஒன்று அமைந்துவிட்டால் பாதி ஆட்டம் முடிந்த மாதிரி.

மேற்பிரிவில் அந்தக் கை என்னுடையது. யாருக்கு இடுப்பு உயரம் வேண்டும், யாருக்கு நெஞ்சு உயரம் வேண்டும், யார் காலையில் புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்து தடியை அவசரமாக வீசுவாள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பெருமையடிக்கிறேன் என்றால், ஆமாம், அடிக்கிறேன்தான்.

இந்தக் கையை வளர்த்தது கீழ்ப்பிரிவு. அனுபவித்தது மேற்பிரிவு. பெண்கள் ஆட்டத்தில் இது ஒரு பெரிய அநியாயம். ஒருத்தி நன்றாக ஆடப் பழகும் நேரம் பார்த்துக் கல்யாணம் வந்து அவளை அடுத்த மலைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஒரு ஆளை இழந்தவர்களுக்குக் கல்யாணச் சாப்பாடு மட்டும்தான் மிச்சம்.

அந்த வருடம் கீழ்ப்பிரிவு அணிக்குத் தலைவி என் அண்ணன் மனைவி. வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் தட்டில் அடுக்கிக்கொண்டு ஒரு மாலை மேலே வந்துவிட்டாள். வேலைக்குப் போகும் தாய்மார் பகலில் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் பேசினோம். குழந்தைகளைத் தாய்மார் கூட்டிப்போன பிறகு அங்கே தொட்டில்களைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். எங்கள் மேற்பிரிவு அணித் தலைவியும் இருந்தாள். தேயிலையில் என் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவள், என்னைவிட இளையவள், வாய் கொஞ்சம் நீளம்.

"பொண்ணு கேட்டு வந்திருக்கோம்," என்று அண்ணி சிரித்தாள். "எங்க நாத்தனாவ இந்தப் புத்தாண்டுக்கு எங்களுக்குக் குடுங்க. பதிலுக்கு ரெண்டு புள்ளைங்கள அனுப்புறோம். ரெண்டும் சின்னப் புள்ளைங்க, நல்லா அடிப்பாங்க, நல்லா ஓடுவாங்க."

அந்த இரண்டு பேரும் கதவோரம் நின்றார்கள். ஒருத்தி அண்ணியின் சொந்த மகள், மற்றவள் அவளுடைய கூட்டாளி.

எங்கள் தலைவிக்கு முகமெல்லாம் பல். "சரிதான். அக்காவுக்கு இன்னும் எத்தன வருஷம் கை தாங்கும்? இந்தப் புள்ளைங்கன்னா பத்து வருஷம் ஆடுவாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் என்ன சந்தைக் கோழியா, தூக்கிப் பார்த்து வெல சொல்றதுக்கு?" என்றேன். ஆனாலும் அவள் சொன்னது நியாயம்தான். கூடை சுமந்து சுமந்து என் தோள்பட்டை அப்போதே முனக ஆரம்பித்திருந்தது. வளர்கிற பிள்ளைகளைக் கொடுத்துத் தேய்கிற கையை வாங்குவது புத்தியில்லாத வேலை. அண்ணியிடம் அதை முகத்துக்கு நேரே சொன்னேன்.

"ஒரு தடவையாவது ஜெயிக்கணும்ல," என்றாள் அவள்.

எனக்கும் போக ஆசையாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்? பிறந்த இடத்தை எதிர்த்தே இத்தனை வருடம் ஆடியிருக்கிறேன். ஜெயித்த நாட்களில்கூட அண்ணன் முகத்தைப் பார்க்காமல்தான் மேலே ஏறுவேன்.

பேச்சு முடிகிற மாதிரி இருந்தது. கதவோரம் நின்ற மருமகளைப் பார்த்து, "ஏ புள்ள, நீ என்ன சொல்ற?" என்று கேட்டேன்.

"நான் மேல வந்தா எனக்கு யாரு பந்து போடுவா?"

"எங்க ஆளுங்கதான்," என்றாள் எங்கள் தலைவி.

"அத்தை கீழ போயிருவாங்கள்ல? அத்தை பந்த அடிக்கணும்னுதான் நான் தடியவே புடிச்சேன்."

என் பந்தை அடிக்க ஆசைப்படுகிறவளையே எனக்கு விலையாகக் கொடுத்தால், நான் கீழே போய் யாருக்குப் பந்து போடுவது?

"புள்ளைங்க அங்கயே இருக்கட்டும். இந்த ஒரு தடவ நான் கீழ போறேன்," என்றேன்.

தலைவி பதறினாள். "அப்ப எங்களுக்கு என்ன கெடைக்குது?"

"என்னைய இங்க கூட்டிக்கிட்டு வரும்போது நீங்க என்ன குடுத்தீங்க?"

அதன்பிறகு புத்தாண்டு வரைக்கும் பக்கத்து நிரையில் நின்றபடி என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் கொழுந்து எடுத்தாள். போனால் போகிறாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆட்டத்தன்று கீழ்ப்பிரிவு மைதானத்தில் மேற்பிரிவுக்கு அவளே பந்து போட்டாள். ஒன்று தலைக்கு மேலே போனது, ஒன்று காலடியில் விழுந்தது. அடிக்க வந்தவர்கள் அவளையே திட்டினார்கள். பார்க்கப் பாவமாக இருந்தது. கீழ்ப்பிரிவின் முறை வந்ததும் மருமகள் தடியோடு எதிரே நின்றாள். அவள் தோளைப் பார்த்தேன். நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே, அவசரமில்லாமல் போட்டுக் கொடுத்தேன். பந்து வேலியைத் தாண்டித் தேயிலைக்குள் விழுந்தது. அவர்கள் செடிக்குள் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் சுற்றி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு ஜெயித்தது கீழ்ப்பிரிவு.

தப்பு மேளம் அடித்தார்கள். அண்ணன் எல்லோரிடமும், "என் தங்கச்சி, என் தங்கச்சி," என்று சொல்லிக்கொண்டே திரிந்தார். கோழி அடித்திருக்கிறோம், இரண்டு நாள் தங்கிவிட்டுப் போ என்று அண்ணி கையைப் பிடித்து இழுத்தாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போது மேற்பிரிவுத் தலைவி மைதானத்தைக் கடந்து வந்தாள். மற்றவர்கள் எப்போதோ மேலே போய்விட்டார்கள், இவள் மட்டும் நின்றிருக்கிறாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து நானும் தயாரானேன்.

"அக்கா, நாளான்னைக்குப் பெரட்டுக்கு வந்துருவீங்கள்ல?" என்றாள்.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு வராமல் எங்கே போகப்போகிறேன்? அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் கேட்டாள். நான் இந்தக் கீழ்ப்பிரிவிலிருந்து தாலியோடு கிளம்பியபோது எல்லோரும் அழுதார்கள், திரும்பி வருவாயா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கல்யாணப் பெண்ணிடம் அதை யாரும் கேட்பதில்லை. இவள் கேட்டுவிட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கோழி ஆகட்டும், சாப்பிட்டுட்டு ரெண்டு பேருமே மேல போயிருவோம், உட்காரு," என்றேன்.