எல்லை தாண்டாத காது

தங்கவேல் சார் இறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள் என்று அலுவலக வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. நான் மாத்தளை பஸ் நிலையத்தில் இறங்கி நின்றிருந்தேன். 'சொல்கிறார்கள்' என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. 'யார் சொன்னது?' என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது, அது அவருடைய கேள்வி.

பதில் வந்தது. அவருடைய மனைவி கமலா அன்ட்டியே அலுவலகத்துக்குப் போன் செய்திருக்கிறார். பல்லேபொலயில், வீட்டில், விடியும்போது. நெஞ்சுவலி. சொன்னவருக்குப் பெயர் இருந்தது. நம்ப வேண்டியதாயிற்று.

அவரோடு பணியாற்றியவர்களுக்கு அந்தக் கேள்வி பழக்கமானது. அரசாங்க அலுவலகத்தில் அவர் மொழிபெயர்ப்பாளர். சிங்களத்தில் வருவதைத் தமிழில் எழுதுவது வேலை. கையொப்பம் இல்லாத எதையும் தொட மாட்டார். மழைக்காலத்தில் ஒரு முறை, மலைச்சரிவில் இருக்கும் குடும்பங்கள் இடம்மாற வேண்டும் என்று ஓர் அறிவித்தல் அவசரமாக வந்தது. அடியில் பெயர் இல்லை. மேலதிகாரி நின்றுகொண்டே இருந்தார். சார் பேனாவின் மூடியைக் கழற்றவில்லை. "யாரு போகச் சொல்றாங்கன்னு தெரியாம நான் எப்படிங்க ஒரு குடும்பத்தப் போகச் சொல்றது?" அன்று மாலைக்குள் கையொப்பம் வந்தது. போக வேண்டிய இடத்தின் பெயரும் சேர்ந்து வந்தது.

சந்தேகம் அவருக்குக் குணம் அல்ல, உடல்நிலை போல. இழுப்பறையைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார். இலவசமாகக் கிடைத்த கலண்டரில் விடுமுறை நாட்களைச் சரிபார்ப்பார். 'இரத்தோட்டை' என்று எழுதியிருக்கும் பஸ்ஸின் முன்னால் நின்று, இது இரத்தோட்டைக்குப் போகுமா என்று நடத்துனரிடம் கேட்பார். ஒரு நாள் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"போர்டு பொய் சொல்லும் நிரோ. கண்டக்டரும் பொய் சொல்லுவான். ரெண்டு பேரும் ஒரே பொய்யச் சொன்னா ஏறலாம்."

இந்த மனிதர் வருடந்தோறும் அம்மனுக்குக் காப்புக் கட்டினார்.

என் வீடு இரத்தோட்டை வீதியில், ஒரு சிறிய மாரியம்மன் கோயிலை ஒட்டியது. அவர் பிறந்த தேயிலைத் தோட்டம் அதற்கு மேலே. கொடியேற்றத்தன்று பூசாரி வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுவார். கொடியிறக்கத்தன்று அவரேதான் அவிழ்க்க வேண்டும். அதுவரை எல்லை தாண்டக் கூடாது. எல்லை எது என்பது பூசாரிக்குப் பூசாரி மாறும். எங்கள் பூசாரி அரசாங்க உத்தியோகக்காரர்களை உத்தேசித்து, மாத்தளை மாவட்டம் முழுவதையும் தாராளமாக விட்டுக் கொடுத்திருந்தார்.

இந்த வருடம் சார் ஓய்வுபெற இருந்தார். சிங்கப்பூரில் இருக்கும் மகன் பெற்றோர் இருவருக்கும் கப்பல் பயணம் ஒன்று பதிவு செய்துவிட்டான். அங்கிருந்து புறப்பட்டு, சில துறைமுகங்களைச் சுற்றி, மறுபடி அங்கேயே வந்து, விமானத்தில் கொழும்பு. திருவிழாத் தேதி பிறகுதான் தெரிந்தது. கப்பலும் கொடியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

கமலா அன்ட்டியிடம் சார், "இந்த வருஷம் கட்டல. எல்லை தாண்டப் போறவன் எப்படிக் கட்டுறது?" என்று சொல்லியிருக்கிறார். அன்ட்டியும் நம்பியிருக்கிறார்.

கொடியேற்றத்தன்று காலை நான் கோயில் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். சார் சட்டையைக் கழற்றி, முழங்கைக்கு மேலே கையைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"மணிக்கட்டுல கட்டாம இங்கயா?" என்றார் பூசாரி. "காப்ப மறைக்கிறதுக்கா கட்டுறது?"

"வயசாகுது. மணிக்கட்டு உறுத்துது."

பூசாரி முனகிக்கொண்டே கட்டினார். திரும்பியபோது சார் என்னைப் பார்த்தார்.

"நீ பாக்கல."

"பாத்துட்டேன் சார்."

"சரி. பாத்தவ ஒரு வேல செய்."

வேலை இதுதான். அவர் இல்லாத நாட்களில் மாலைப் பூசை நேரத்தில் போன் வரும். நான் வாசலில் நின்று போனைக் கோயில் மணிப்பக்கம் தூக்கிப் பிடிக்க வேண்டும். வேறொன்றும் பேச வேண்டாம்.

"எல்லை தாண்டுறது உடம்புதானே? காது இங்கயே இருக்கட்டும்" என்றார். அவர் செய்த மொழிபெயர்ப்புகளிலேயே மூலத்தை விட்டு அதிக தூரம் போனது அது.

"அன்ட்டிகிட்டச் சொல்லிட்டா என்ன சார்?"

"சொன்னா டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டுட்டு வீட்டுல உக்காந்துருவா. அவ கடல்ல போனதே இல்ல. சொல்லாத."

ஏன் காப்பையாவது விட்டிருக்கக் கூடாது என்று கேட்டேன். பழக்கம் என்றார். அந்தப் பதிலை நான் இன்றுவரை நம்பவில்லை.

போன் தினமும் வந்தது. இங்கே மாலைப் பூசை என்றால் அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். ஒரு நாள் காமெராவைத் திருப்பிக் கடலைக் காட்டினார். திரையில் கறுப்பு மட்டும்.

"கடல்னு சொல்றாங்க" என்றார். "கப்பல் நகருதான்னும் தெரியல. போர்டும் இல்ல, கண்டக்டரும் இல்ல."

நான் சிரித்தேன். மணி அடித்தது. தூக்கிப் பிடித்தேன். மணி நின்றதும் அவர் துண்டித்துவிடுவார்.

மறுமுனையில் என்ன நடந்தது என்பது அவர் இறந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

கடைசி நாட்களில் கப்பல் எந்தத் துறைமுகத்தையும் தொடவில்லை. தண்ணீர் மட்டும். போய்ப் பார்க்க ஊர் எதுவும் இல்லாதபோது அன்ட்டி தன் கணவரைப் பார்த்திருக்கிறார். ஆயுள் முழுவதும் அரைக்கைச் சட்டை போட்டவர் அந்த வெக்கையில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். குளிக்கும்போது தாழ்ப்பாள் போட்டார். இரவுச் சாப்பாட்டின் நடுவில், தட்டில் சோறு இருக்கும்போதே எழுந்து போனார்.

அன்ட்டி பின்தொடர்ந்தார். மேல்தளத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, காதில் போனுடன் சார். கண்கள் மூடியிருந்தன.

"பேசவே இல்ல புள்ள" என்று பிறகு என்னிடம் சொன்னார். "கேட்டுக்கிட்டே இருந்தாரு. ரெண்டு வார்த்த பேசியிருந்தாக்கூடப் பரவாயில்லன்னு இருந்திச்சு. காதுல தேன் ஊத்துற மாதிரி நிக்கிறாரு."

சார் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்து போனை மேசைமேல் வைத்தார். திரை அணைவதற்குள் அன்ட்டி பெயரைப் படித்துவிட்டார். நிரோஷா. என் பெயர்.

கப்பலில் ஒரு வழக்கம். இறங்குவதற்கு முதல்நாளே பெட்டிகளைக் கட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டும். சார் சட்டைகளை எல்லாம் மடித்துப் பெட்டியில் வைத்தார். மறுநாளைக்கு ஒன்றை மட்டும் கொக்கியில் மாட்டிவிட்டு, அன்ட்டி வெளியே போயிருந்த தைரியத்தில், பெனியனோடு படுத்து மத்தியானம் தூங்கிவிட்டார்.

அன்ட்டி திரும்பி வந்தார். சாரின் முழங்கைக்கு மேல் ஒரு கயிறு. தினமும் குளித்ததில் மஞ்சள் போய், அழுக்கு வெள்ளையாக, முடிச்சுகளோடு. காப்பு என்றால் மணிக்கட்டில் இருக்கும், மஞ்சளாக இருக்கும். இந்த வருடம் கட்டவும் இல்லை. மேல்கையில், சட்டைக்குள் மறைத்து, ஓர் ஆண் கட்டிக்கொண்டு திரியும் கயிறு என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். யாரோ வசியம் செய்து கட்டியிருக்கிறார்கள். யார் என்பதும் போனில் இருந்தது.

கைப்பையில் நகவெட்டி இருந்தது. சார் அசையவில்லை. வெட்டி எடுத்து, உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டு, மேல்தளத்துக்கு நடந்து போய், கடலில் போட்டார் அன்ட்டி.

அன்று மாலை வந்த போனை நான் மறக்கவில்லை.

"நிரோ, காப்பு போயிருச்சு."

"அறுந்துருச்சா சார்?"

"அறுந்துருச்சுன்னு வச்சுக்க."

எதையும் 'வைத்துக்கொள்கிற' மனிதர் இல்லை அவர்.

"கமலா இன்னைக்கு மத்தியானம் நல்லாத் தூங்குனா. வந்ததிலேருந்து இன்னைக்குத்தான்" என்றார். பிறகு, "தூக்கிப் பிடி" என்றார்.

ஊர் திரும்பியதும் கொடியிறக்கத்துக்கு வந்தார். பூசாரி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் காப்பை அவிழ்த்தார். சாரின் பெயரையும் கூப்பிட்டார். சார் வாசலுக்கு வெளியே, வீதியில், அரைக்கைச் சட்டையோடு நின்றார். உள்ளே வரவில்லை. பூசாரி மறுபடி கூப்பிட்டார். ஒரு லொறி போனது. அது போன பிறகு அங்கே அவர் இல்லை.

சில வாரங்களில் இறந்துபோனார்.

டொக்டர் இதயம் என்கிறார். பழைய நோய்தான். அவருடைய இழுப்பறையில் நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரைகள் நெடுநாளாக இருந்தன. நான் அதை நம்புகிறேன். இப்படி எழுதும்போதே தோளுக்குப் பின்னால் யாரோ நின்று வாசிப்பதுபோல் இருக்கிறது.

மரண வீட்டில் அன்ட்டி என்னைப் பார்க்கவில்லை. மற்றப் பெண்கள் பார்த்தார்கள். நான் உட்கார்ந்த நீள மர வாங்கில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அலுவலகத்திலும் தேநீர் நேரத்தில் நான் போனதும் பேச்சு நின்றது. வாயைத் திறந்தால் என் பெயர் மீளும். சாரின் பெயரும் மீளும். ஆனால் அந்த 'வச்சுக்க' எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. காப்பு தானாக அறுந்திருக்காவிட்டால்? மறைத்ததை அன்ட்டி எதுவரை கண்டார்? எதைச் சொன்னால் எது வெளியே வரும்? எனக்குத் தெரியவில்லை.

கருமாதி முடிந்து ஒரு மாலை அன்ட்டி தனியாக பஸ்ஸில் வந்து என் வீட்டு வாசலில் நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நீ அவருக்கு யாரு?"

"பக்கத்து மேசை அன்ட்டி."

"மேசைக்கு மேசை கப்பல்லேருந்து தெனமும் போன் எடுப்பாங்களா?"

மணியைப் பற்றிச் சொன்னேன். மணியை மட்டும்.

"கத நல்லா இருக்கு" என்றார். "அவருகூட இருந்து படிச்ச கதையா?"

அப்போது பூசை மணி அடித்தது. மிக அருகில், சுவரை அடுத்து. பேச முடியாத அளவுக்கு. அன்ட்டி கோயில் பக்கம் திரும்பினார். மணி நிற்கும்வரை அப்படியே நின்றார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

"இதையா கேட்டுக்கிட்டு நின்னாரு?"

"ஆமா அன்ட்டி."

"அப்ப அந்தக் கயிறு?"

நான் கோயில் பக்கம் பார்த்தேன்.

"மேல்கையில ஒரு கயிறு இருந்திச்சு. நாந்தான் வெட்டுனேன்." கப்பலில் நடந்ததை எல்லாம் அப்போதுதான் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் மெலிந்தது. முடிவில் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அம்மன் காப்பா அது" என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை.

உள்ளே அடுப்பில் தண்ணீர் கொதித்தது. நான் எழுந்து போகவில்லை.

"அவருக்குத் தெரியுமா? நாந்தான்னு?"

அவர் கேட்க வந்தது இதைத்தான் என்று அப்போது புரிந்தது. பஸ் ஏறும்போது அது அவருக்கே தெரிந்திராது. இல்லை என்று சொல்லலாம். தூக்கத்தில் எங்கோ மாட்டி அறுந்ததாக நினைத்தார் என்று சொல்லலாம். சார் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லச் சொல்லியிருப்பார். ஆனால் இந்தப் பெண் அவரோடு ஒரு வாழ்க்கை முழுவதும் இருந்தவர். பொய்யின் வாசனை தெரியும்.

கடைசிப் போனில் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். கமலா நல்லாத் தூங்குனா. வந்ததிலேருந்து இன்னைக்குத்தான்.

அன்ட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பும் இருந்தது.

"நான் எங்க புள்ள தூங்குனேன்? கடல்ல போட்டுட்டு வந்து, அவரு முழிக்கப் போறாருன்னு பயந்து கண்ண மூடிக்கிட்டுக் கெடந்தேன். முழிச்சாரு. கையத் தடவிப் பாத்தாரு. எனக்குக் கேட்டுச்சு. அப்புறம் எந்திரிச்சு வந்து எனக்குப் போர்வைய இழுத்து விட்டாரு. நான் அதையும் சந்தேகப்பட்டேன்."

உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். பிறகு, இதயம்தான் காரணம் என்று டொக்டர் சொன்னதை ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத நான் பாத்துக்குறேன். ஒன்னப் பத்தி ஊருல பேசுறாங்க, தெரியும்ல? பாதி நான் ஆரம்பிச்சது. அலுவலகத்து நினைவு மலருக்கு அவரப் பத்தி நீதான் எழுதுறியாமே. கயித்தையும் எழுது. என் கைதான்னு எழுது."

"வேணாம் அன்ட்டி."

"பேரு போட்டு எழுது. யாரு சொன்னதுன்னு கேட்டா, கமலா சொன்னதுன்னு சொல்லு."

எழுதிவிட்டேன். எழுதியதைப் பல்லேபொலக்குக் கொண்டுபோய் வாசித்தும் காட்டினேன். ஒரு சொல்லை மாற்றவில்லை. பெயர் கீழே இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

சாரை அறிந்தவர்கள் அவரிடமிருந்து எதையெதையோ வைத்திருப்பீர்கள். என்னிடம் அந்தக் கேள்வி இருக்கிறது. பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் போர்டை ஒரு தரம் பார்த்து, நடத்துனரை ஒரு தரம் கேட்கும் பழக்கமும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்னொன்றும் இருக்கிறது. மாலைப் பூசை நேரத்தில் என் போன் அடிக்கிறது. திரையில் 'தங்கவேல் சார்' என்று வருகிறது. முதல் நாள் அந்தப் பெயரை இரண்டு தரம் வாசித்தேன்.

"தூக்கிப் பிடி புள்ள" என்கிறார் கமலா அன்ட்டி.

வாசலுக்குப் போய்த் தூக்கிப் பிடிக்கிறேன். மறுமுனையில் பேச்சு இல்லை.