சிக்னி கேட்ட அரை அங்குலம்

அமெரிக்காவின் மாண்டானாவில் எங்கள் பள்ளத்தாக்கில் பள்ளிப் பேருந்து ஓட்டும் சிக்னி டோலஃப்சனிடம் வாயைக் கொடுத்துத் தப்பித்தவர்கள் குறைவு. ஆள் குள்ளம். இருக்கையில் தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் சாலை தெரியும். மற்ற ஓட்டுநர்கள் கையை விரித்துவிடும் பனிப்புயலிலும் அவள் வண்டி வந்து நிற்கும். வேட்டைக்குப் பெண்கள் வரக்கூடாது என்று அவள் அப்பா சொன்ன காலத்தில், தனியாக மலையேறி, குதிரை உயர எல்க் மான் ஒன்றைச் சாய்த்துவிட்டு, "தூக்கிட்டு வர ஆள் அனுப்புங்க" என்று வாசலில் வந்து நின்றவள் அவள்.

டோலஃப்சன் குடும்பத்து வேட்டைக் கூடாரத்தில் அப்பா போட்ட சட்டம் ஒன்று இருந்தது. எல்லோரும் ஒரே ரகத் தோட்டாதான் கொண்டுவர வேண்டும்; ஒருவருக்குத் தீர்ந்தால் இன்னொருவர் கொடுக்கலாம். அது மேக்னம் என்ற, வீரியம் அதிகமுள்ள நீளமான பழைய ரகத் தோட்டா. அப்பா போன பிறகு அண்ணன் ஆர்வில் அந்தச் சட்டத்தைப் பிடித்த பிடியாகப் பிடித்திருந்தான். அப்படிப்பட்ட கூடாரத்துக்குத்தான் சிக்னி இந்த வருஷம், குட்டைத் தோட்டா போட்டுச் சுடும், புதிதாக வந்திருந்த ஷார்ட் மேக்னம் துப்பாக்கியோடு போய் இறங்கினாள்.

ஆர்வில் அந்தக் குட்டைத் தோட்டாவை விரலில் உருட்டிப் பார்த்தான். "இதென்ன, தோட்டாவா ஊறுகா பாட்டிலா? அதே வேகம், அதே அடி. அரை அங்குலம் குட்டைங்கிறதுக்காக ஒரு புதுத் துப்பாக்கியா? கடைக்காரன் உன் தலையில நல்லா மொளகா அரைச்சிருக்கான்."

"எனக்கு வேண்டியதே அந்த அரை அங்குலம்தான்" என்றாள் சிக்னி. "நெட்டைக்கொக்கு, உனக்கு எங்க புரியப்போகுது?"

அவனுக்குப் புரியவில்லைதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், அப்பாவின் பழைய மேக்னத்தால் அவள் ஒரு ஆண் எல்க்கைச் சுட்டாள். குண்டு நெஞ்சுக்குக் கொஞ்சம் பின்னால் பட்டது. மான் தள்ளாடி நின்றது. அடுத்த தோட்டாவை ஏற்ற, துப்பாக்கியின் பக்கவாட்டுக் கைப்பிடியான போல்ட்டை இழுத்தாள். நீளத் தோட்டாவுக்கு நீள இழுப்பு வேண்டும். தடித்த கோட்டுக்குள் அவளுடைய குட்டைக் கை கடைசிவரை போகவில்லை. காலித் தோட்டா வெளியே விழுந்தது, புதியது ஏறவில்லை. விசையை அழுத்தினால் வெறும் 'டிக்'. மான் காட்டுக்குள் போய்விட்டது. பனி கால் தடத்தை மூடும்வரை தேடினாள், கிடைக்கவில்லை. ஒரு உயிரை அரைகுறையாக விட்டுவிட்டோமே என்று அவள் அழுத அழுகை கூடாரத்தில் யாருக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் "சிக்னி கோட்டை விட்டுட்டா" என்பது மட்டும்தான்.

துப்பாக்கிக்குப் பட்ட கேலி போதாதென்று இன்னொரு கூத்து. வந்த அன்றே பையைத் துழாவினாள், தோட்டாப் பெட்டியைக் காணோம். வீட்டுச் சமையல் மேடையில் காப்பிக் குடுவைக்குப் பக்கத்திலேயே விட்டு வந்திருக்கிறாள்! துப்பாக்கிக் கட்டையின் உறையில் செருகியிருந்த இரண்டுதான் மிச்சம். கேஸ் வாங்க ஊருக்குப் போன ஆர்வில் மகன் ராண்டி, வெறுங்கையோடு திரும்பினான்.

"அத்தே, பழைய மேக்னம் அடுக்கடுக்கா இருக்கு. உங்களுது கேட்டா கடைக்காரன் என்னை மேலேயும் கீழேயும் பாக்குறான்."

ஆர்வில் வருத்தப்பட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். பல்லெல்லாம் தெரிந்தது. "அப்பா சட்டம் எதுக்குப் போட்டாருன்னு இப்பத் தெரியுதா?" என்று சொல்லி, அப்பாவின் துப்பாக்கியை நீட்டினான். "இந்தா. இதுக்கு வேணுங்கிற அளவு தோட்டா இருக்கு. வீம்பு போதும்."

சிக்னிக்குக் காது சிவந்துபோனது. பெட்டியை மறந்தது அவள் தப்பு; அப்பா சட்டத்தைப் பற்றி அவன் சொன்னதும் சரி. ஒரு நிமிஷம் கை நீளத்தான் பார்த்தது. பிறகு, "அதைத் தொடமாட்டேன். எனக்கு ரெண்டு போதும்" என்று சொல்லிவிட்டுத் தட்டில் இருந்த பான்கேக்கை முழுசாகத் தின்று முடித்தாள்.

விடிந்ததும் மேட்டில் போய்ப் படுத்தாள். சரிவில் எல்க் கூட்டம் இறங்கியது. இரண்டு முறை குறி கிடைத்தும், தூரம் அதிகம் என்று விட்டுவிட்டாள். இன்னொரு மானை அரைகுறையாக விட்டால் துப்பாக்கியையே விற்றுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். கடைசியில் ஒரு ஆண் எல்க் பக்கவாட்டில் திரும்பி நின்றது. சுட்டாள். அது குலுங்கியது, விழவில்லை. கை தானாகப் போல்ட்டை இழுத்தது, குட்டை இழுப்பு என்பதால் கடைசிவரை போனது, தோட்டா ஏறியது. இரண்டாவது வெடியில் எல்க் முன்னங்கால் மடங்கி விழுந்தது. சிக்னி பனியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

சத்தம் கேட்டு ஆர்வில் வந்து சேர்ந்தபோது அவள் கண்ணைத் துடைத்து முடித்திருந்தாள். அவன் குனிந்து இரண்டு துளைகளையும் பார்த்தான்.

"முதல் குண்டே போதும். பத்தடியில விழுந்திருக்கும். எந்த மேக்னத்துல சுட்டாலும் இதேதான். மானுக்கு வித்தியாசம் தெரியாது, சிக்னி."

"மானுக்குத் தெரியாது அண்ணே. எனக்குத் தெரியும். அன்னைக்கு அப்பா துப்பாக்கியில போல்ட் என் கைக்கு எட்டல. அதான் அந்த மான் எங்கேயோ கெடந்து செத்துச்சு. நான் கோட்டை விடல."

ஆர்வில் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "இதை நீ அப்பவே சொல்லலியே?"

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பே? பொம்பளைக்கு எதுக்கு வேட்டைன்னுதானே?"

அவன் கையுறையைக் கழற்றினான், திரும்ப மாட்டினான். "இருந்தாலும், கூடாரத்துச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. அடுத்த வருஷம்..."

"அடுத்த வருஷமும் இதைத்தான் கொண்டுவருவேன். தோட்டா கெடைக்கலைன்னா ரெண்டே ரெண்டோட வருவேன். உன் கூடாரத்துல எடமில்லைன்னா சொல்லிடு, என் வண்டியில படுத்துக்கிறேன். மலை ஒண்ணும் உன் பேர்ல எழுதி வைக்கல." கத்தியை உருவினாள். "இப்போ அந்தக் காலைத் தூக்கிப் பிடி. குளிர்ல வெறைச்சுடும்."

ஆர்வில் மண்டியிட்டுக் காலைத் தூக்கிப் பிடித்தான்.